தறிக்குடோனில் மியூவான் பார்ப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறிக்குடோனில் தறி ஓடாது. அன்றைக்கு இருட்டு கட்டியதும் துணி மடிக்கிற மேசையைக் காலி செய்து, அதன்மேல் ஒரு மீன்தொட்டியைக் கவிழ்த்து வைப்பேன். கால் மணி நேரத்தில் தொட்டிக்குள் வெள்ளைக் கோடுகள் விழ ஆரம்பிக்கும். நீளமாக, நேராக விழுகிற கோடு ஒவ்வொன்றும், தலைக்கு மேலே 15 கி.மீ. உயரத்தில் பிறந்து, ஒளியின் வேகத்தைத் தொட்டும் தொடாமலும் ஓடிவந்து, எங்கள் கூரைத் தகரத்தையும் துளைத்துக்கொண்டு வந்த ஒரு துகளின் தடம். அதற்குப் பெயர் மியூவான்.

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அப்பா விசைத்தறிக்காரர். "வேகமாகப் போகிற பொருளுக்குக் காலம் மெதுவாக ஓடும்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், நோட்டில் எழுதிக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். கல்லூரியில் நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பெட்டிக்குள் முதல் கோட்டைப் பார்த்த ராத்திரிதான் எனக்கு அது உறைத்தது. அன்றைக்கு உறைத்ததற்குக் காரணம், கோடு வருவதற்கு முன்னால் கையில் ஒரு கணக்கு இருந்ததுதான். கணக்குப் போடாதவர் கண்ணுக்கு அது அழகான புகைக்கோடு, அவ்வளவே. அதனால் பெட்டி கட்டுகிற முறையையும் கணக்குப் போடுகிற முறையையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்.

முதலில் பெட்டி. இதற்கு மேகப்பெட்டி என்று பெயர். தத்துவம் எளிது. மேலே ஆல்கஹாலில் நனைந்த துணி, கீழே கடுங்குளிரில் ஒரு கறுப்புத் தகடு. துணியிலிருந்து இறங்கும் ஆவி, தகட்டை நெருங்க நெருங்கக் குளிர்ந்து, துளியாக மாறத் துடித்துக்கொண்டு, ஆனால் ஒட்டிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் நிற்கும். அந்த நிலையில் மின்னூட்டமுள்ள ஒரு துகள் குறுக்கே பாய்ந்தால், வழியில் இருக்கிற காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகும். அப்படி உண்டான அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் பிடித்துக்கொண்டு ஆவி துளியாகிறது. துகள் போய்விட்டது, துளிவரிசை நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் சி.டி.ஆர். வில்சன் 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகத்தின்மேல் வெயில் விழுகிற கோலத்தைப் பார்த்து, அதைக் கண்ணாடிக்குள் செய்து பார்க்க ஆசைப்பட்டார். 1911இல் துகளின் தடத்தையே படம் பிடித்தார், 1927இல் நோபல் பரிசு. அவருடைய பெட்டிக்கு விசையோடு இயங்கும் தண்டு வேண்டும். நாம் கட்டுவது 1930களின் கடைசியில் அலெக்ஸாண்டர் லாங்ஸ்டார்ஃப் கொண்டுவந்த வகை. இதில் அசைகிற பாகமே கிடையாது, குளிர் இருக்கிறவரை கோடு விழுந்துகொண்டே இருக்கும்.

தொட்டிக்கு ஒரு அடி நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி போதும். பிளாஸ்டிக், அக்ரிலிக் வேண்டாம், ஆல்கஹால் பட்டுப்பட்டு அது மயிர்க்கோடாக வெடிக்கும். தொட்டியின் உள் அடிப்பக்கத்தில் நான்கு மூலையிலும் சிலிக்கான் பசையால் சின்னக் கொக்கி ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கவிழ்க்கும்போது அந்த அடிப்பக்கம்தான் கூரை. துணியைக் கொக்கியில் கட்டிவிட வேண்டும்.

துணி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. சாயம் போட்ட துணியை வைக்கக்கூடாது, ஆல்கஹாலில் சாயம் இறங்கித் தகட்டில் சொட்டும். நான் முதலில் கைக்குக் கிடைத்த பனியன் வேஸ்டை வைத்தேன், நீலமாகச் சொட்டியது. அப்புறம் எங்கள் தறியில் ஓடுகிற, சாயம் ஏறாத காடா துணியையே நாலு மடிப்பாக மடித்துத் தைத்து வைத்தேன். ஒரு தடவை வெந்நீரில் அலசி, கஞ்சியைப் போக்கிக் காயவைத்துவிட்டால் போதும். கஞ்சி இருந்தால் ஆல்கஹாலைச் சரியாகக் குடிக்காது. சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் இருப்பவர்கள் இதற்காக ஒரு பைசா செலவு செய்ய வேண்டியதில்லை.

ஆல்கஹால் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதத்துக்குக் குறையாதது. செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டு கழுவ வைத்திருப்பார்கள், ஐ.பி.ஏ. என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காயம் துடைக்கிற ஸ்பிரிட் உதவாது. அதில் தண்ணீர் கலந்திருக்கும். அது தெரியாமல் முதல் ஞாயிறு முழுக்கப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மார்கழிப் பனி மாதிரி மூட்டம் இறங்கியதே தவிர ஒரு கோடு இல்லை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தகடு 3 மில்லிமீட்டர் அலுமினியம், தொட்டி வாயைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் பெரியது. மேல்முகம் கரேலென்று, மினுக்கில்லாமல் இருக்க வேண்டும். ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன், இரண்டாம் வாரமே உரிந்தது. கோயம்புத்தூரில் பம்பு உதிரி பாகங்களுக்கு அனோடைஸ் செய்கிற பட்டறைகள் நிறைய இருக்கின்றன. கறுப்பு அனோடைஸ் என்று சொல்லிக் கொடுத்தால் ஆயுசுக்கும் போகாது. அதுவரை அவசரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளியில்லாமல் வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம்.

இனி டிரை ஐஸ். உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. கோவையில் மொத்தமாக விற்பவர்கள் உண்டு. கிடைக்காவிட்டால் கல்யாண மண்டபத்துக்கு மேடை அலங்காரம் செய்கிறவர்களைக் கேளுங்கள், மாப்பிள்ளை பெண் நடந்து வரும்போது தரையில் மேகம் விடுவது இதை வைத்துத்தான். முகூர்த்த நாளில் அவர்களிடம் எப்படியும் இருக்கும். ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு கிலோ வாங்குங்கள். தெர்மாகோல் பெட்டியில் வைத்தாலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். சனிக்கிழமை வாங்கி வைத்து ஞாயிறு சாயங்காலம் திறந்தபோது, அடியில் ஒரு கைப்பிடி கிடந்ததைப் பார்த்த பிறகு, அன்றன்றைக்கே போய் வாங்குகிறேன்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிற விஷயங்கள் சில. வெறுங்கையால் தொடக்கூடாது, தோல் வெந்துபோகும், தடித்த தோல் கையுறை வேண்டும். தெர்மாகோல் மூடியை டேப் போட்டு இறுக்கக்கூடாது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் எந்தப் பாத்திரமும் வெடிக்கும். காரில் கொண்டுவந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள், கோவையிலிருந்து பல்லடம் ஒரு மணி நேரம் ஆகும், மூடிய வண்டிக்குள் அந்த வாயு சேர்ந்தால் மயக்கம் வரும். வீட்டுக்குள்ளும் அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையில்தான் தேங்கும். நமக்கு ஒன்றும் தெரியாது, தரையில் தவழ்கிற குழந்தைக்குத்தான் மூச்சு முட்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தையைத் திண்ணையில் யாரிடமாவது கொடுங்கள். அப்புறம், பக்கத்தில் ஊதுபத்தி, கற்பூரம், அடுப்பு எதுவும் எரியக்கூடாது. பெட்டிக்குள் இருப்பது எரிகிற ஆவி.

கட்டுவது பத்து நிமிட வேலை. தெர்மாகோல் தட்டில் டிரை ஐஸைச் சாக்கில் போட்டுத் தட்டி, நிலக்கடலை அளவுக்கு உடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தகட்டை அதன்மேல் அழுத்தி வையுங்கள். அலுமினியம் கீச்சென்று கத்தும், பயப்பட வேண்டாம், தகட்டின் சூட்டில் டிரை ஐஸிலிருந்து கிளம்புகிற வாயு தகட்டை அதிரவைக்கிற சத்தம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தகடு சாய்ந்தால் ஆல்கஹால் ஒரு பக்கம் ஓடி, கோடுகள் அந்தப் பக்கத்தில் மட்டும் தெரியும். காடா துணியில் 50 மில்லி ஐ.பி.ஏ. ஊற்றி, சொட்டுவது நின்றதும் தொட்டியைத் தகட்டின்மேல் கவிழ்த்து, விளிம்பைச் சன்னல் கண்ணாடிக்குப் போடுகிற ரப்பர் பீடிங்கால் சுற்றி அடையுங்கள். காற்று ஒரு இழை நுழைந்தாலும் ஆவி கலைந்துவிடும். ஆடிக்காற்று காலத்தில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரத்தையே தூக்குகிற மாதிரி அடிக்கும். அந்த மாதங்களில் காற்று வருகிற பக்கத்துச் சன்னலை மட்டும் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்துச் செய்கிறேன்.

விளக்கு மேலிருந்து கூடாது. எல்.இ.டி. பட்டையைத் தொட்டியின் பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போல் வைத்து, வெளிச்சம் தகட்டின் மேல் ஒரு விரல் உயரத்தில் படுக்கையாகப் பாயும்படி செய்யுங்கள். கோடு விழுவது அந்த ஒரு சென்டிமீட்டர் அடுக்கில்தான். அறையில் மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். தறி ஓடுகிற நேரத்தில் செய்யவே வேண்டாம். எட்டுத் தறி ஓடினால் தரை அதிர்கிறது, மேசை அதிர்கிறது, பெட்டிக்குள் ஆவி அடுக்கு நிலையாக உட்காருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

இப்போது பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கணக்குப் போடுகிற நேரம் இதுதான். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். யாரையும் கைபேசியைப் பார்க்க விடாதீர்கள், எல்லோரும் சேர்ந்து போடுங்கள்.

விண்வெளியிலிருந்து புரோட்டான்கள் வந்து காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதுகின்றன. அந்த மோதலில் பயான் என்ற துகள் பிறந்து, உடனே உடைந்து மியூவானாகிறது. இது நடப்பது சுமார் 15 கி.மீ. உயரத்தில். மியூவான் எலக்ட்ரானின் அண்ணன் மாதிரி, அதே மின்னூட்டம், 207 மடங்கு நிறை. கார்ல் ஆண்டர்சனும் செத் நெடர்மையரும் 1936இல் மேகப்பெட்டியில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அற்பாயுசு. சராசரியாக 2.2 மைக்ரோ நொடி, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டே சொச்சம் பங்கு. அதற்குள் உடைந்து எலக்ட்ரானாகிவிடும்.

"ஏனுங் மிஸ், அவ்வளவு சின்ன நேரத்தை எப்படிங்க அளந்தாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. ஓடிவருகிற மியூவானைக் கனமான பொருளுக்குள் நிறுத்தி, நின்ற நொடிக்கும் அது உடைந்து எலக்ட்ரான் வெளிவந்த நொடிக்கும் இடைவெளியை மின்னணுக் கடிகாரத்தால் 1940களிலேயே அளந்துவிட்டார்கள். ஆகவே 2.2 என்பது நின்றுவிட்ட மியூவானின் ஆயுசு. இந்த "நின்றுவிட்ட" என்ற சொல்லைத் தாளில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். 2.2 மைக்ரோ நொடியில் எவ்வளவு? பெருக்கினால் 660 மீட்டர். மியூவான் ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும், ஒரு ஆயுசில் 660 மீட்டர்தான் போக முடியும். வரவேண்டியதோ 15 கி.மீ., பல்லடத்திலிருந்து திருப்பூர் போகிற தூரம். 660 மீட்டர் என்றால் பல்லடம் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பி ஊர் எல்லையைக்கூடத் தாண்டாது. சில மியூவான்கள் சராசரியைவிட அதிக நேரம் பிழைக்குமே என்று கேட்கலாம். கேளுங்கள், அதையும் போடுவோம். 15,000ஐ 660ஆல் வகுத்தால் 22.7 ஆயுசு. ஒவ்வொரு ஆயுசு கழியும்போதும் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். 22.7 தடவை அப்படிக் குறைத்துக்கொண்டே போனால், மேலே பிறந்த 700 கோடியில் ஒன்று தரைக்கு வரும்.

இதை எழுதி, தாளை மேசையில் வைத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள். அந்தக் கணக்கு சரியென்றால் இன்று ராத்திரி பெட்டியில் மியூவான் கோடு தெரியவே கூடாது.

பெட்டிக்குள் முதலில் தூறல் மாதிரி இறங்கும். கொஞ்ச நேரத்தில் தகட்டின்மேல் அது படிந்து, கறுப்புக்கு மேல் மெல்லிய பால்நிற மூட்டம் நிற்கும். அப்புறம் எதிர்பாராத நேரத்தில், தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, எண்பதாம் நம்பர் நூலை யாரோ இழுத்துக் கட்டினமாதிரி ஒரு கோடு. அது ஓடிவருவதை நாம் பார்ப்பதில்லை, முழுக்கோடும் ஒரே தடவையில் அங்கே இருக்கிறது. உற்றுப் பார்த்தால் தனித்தனித் துளிகள், பனித்துளி கோத்த சிலந்தி இழை. ஒரு நொடி நிற்கும், நடுவில் லேசாகத் தொய்யும், அங்கங்கே அறுந்து தகட்டில் விழும். அதற்குள் வேறொரு மூலையில் இன்னொன்று.

எல்லாக் கோடும் மியூவான் கிடையாது, பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீளமாக, நேராக, மெல்லிசாக இருப்பது மியூவான். தரைக்கு வந்து சேர்கிற மின்னூட்டத் துகள்களில் பெரும்பகுதி அதுதான். நெளிந்து, சுருண்டு, அறுந்த ஊடை நூல் தரையில் கிடப்பது மாதிரி இருந்தால் எலக்ட்ரான். ஒரு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் தடியாக, ஓ.இ. மில்லில் வருகிற முரட்டு நூல் மாதிரி இருந்தால் ஆல்ஃபா, அதாவது ஹீலியம் அணுக்கரு. சுவரிலிருந்தும் மண்ணிலிருந்தும் வருகிற ரேடான் என்ற கதிரியக்க வாயு பெட்டிக்குள் உடைகிறபோது அது வரும். ஆல்ஃபாவை வேண்டுமென்றே வரவழைக்க, டிக் வெல்டிங் பட்டறையில் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடு ஒன்று வாங்கி உள்ளே வைக்கலாம், அதில் 2 சதவீதம் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. முழு ராடாக வையுங்கள். தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. தொட்டபின் கையைக் கழுவிவிடுங்கள்.

இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் பார்ப்பதில்தான் வேகம் என்றால் என்ன என்று கண்ணுக்குப் புரிகிறது. ஆல்ஃபா ஒளியின் வேகத்தில் 5 சதவீதம் வாக்கில்தான் போகிறது, மின்னூட்டமும் இரட்டிப்பு. மெதுவாகப் போவதால் ஒவ்வொரு அணுவின் பக்கத்திலும் அதிக நேரம் இருக்கிறது, எலக்ட்ரான்களைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்குகிறது, கோடு தடிக்கிறது, சீக்கிரம் நின்றும் போகிறது. மியூவான் தொட்டும் தொடாமலும் பாய்கிறது, கோடு மெலிகிறது. எலக்ட்ரானைப் பார்த்து மெதுவாகப் போகிறது என்று நினைத்துவிடக்கூடாது. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கிற அலகு) ஆற்றலுள்ள எலக்ட்ரான்கூட ஒளியின் வேகத்தில் 94 சதவீதத்தில் ஓடுகிறது. ஆனால் எடையில்லாத பிள்ளை, இடிக்கிறவர்களெல்லாம் திருப்பிவிடுகிறார்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் மியூவான் கடல்மட்டத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றிரண்டு அதன் வழியே போகிறது. அப்படியானால் தொட்டிக்குள் இன்னும் நிறையக் கோடு தெரிய வேண்டாமா? பெரும்பாலானவை மேலிருந்து செங்குத்தாக வருகின்றன. நாம் பார்க்கிற அடுக்கு ஒரு சென்டிமீட்டர் தடிப்பு. செங்குத்தாக வந்தது அதில் சின்னப் புள்ளியாக, குட்டைக் கீற்றாகத்தான் தெரியும். சாய்ந்து வந்தவைதான் நீளக்கோடு போடுகின்றன. புள்ளிகளையும் எண்ணப் பழகினால் எண்ணிக்கை கூடும். கோடுகள் மங்கி, மூட்டம் குழம்பினால், ஒரு பி.வி.சி. குழாயைப் பட்டுத்துணியில் தேய்த்துத் தொட்டிமேல் காட்டுங்கள், பழைய அயனிகளை அது இழுத்துவிடும், மறுபடி தெளியும்.

இப்போது கல்லுக்கு அடியில் இருக்கிற தாளை எடுங்கள். 700 கோடியில் ஒன்று என்று எழுதியிருக்கிறோம். பெட்டியோ நிற்காமல் கோடு போடுகிறது. எங்கள் குடோனில் முப்பது வருடமாகத் தறி ஓட்டுகிற மாமா ஒருவர் அன்றைக்குக் கூட இருந்தார். தாளையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மிணி, அப்ப அதுக்குச் சாகற நேரம் இன்னும் வரலீங்களா?" என்றார். இதைவிடச் சரியாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

தரைக்கு வருகிற மியூவானின் சராசரி ஆற்றல் சுமார் 400 கோடி எலக்ட்ரான் வோல்ட். அதன் நிறைக்குச் சமமான ஆற்றலோ 10.6 கோடி. முன்னதைப் பின்னதால் வகுங்கள், 38 வரும். இயற்பியலில் இதற்கு காமா என்று பெயர். நம் கடிகாரத்தில் 38 நொடி ஓடினால் மியூவானின் கடிகாரத்தில் ஒரு நொடிதான் ஓடியிருக்கும். ஆக 2.2ஐ 38ஆல் பெருக்குங்கள்: 84 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் அது 25 கி.மீ. போகலாம். 15 கி.மீ. வருவதில் அதிசயம் இல்லை. நாம் அடிக்கோடிட்ட "நின்றுவிட்ட" என்ற சொல்லுக்குத் திரும்பிப் போங்கள். ஆயுசு 2.2 என்பது நின்ற மியூவானுக்கு. ஓடுகிற மியூவானும் தன் கடிகாரப்படி அந்த 2.2தான் வாழ்கிறது. அந்தக் கடிகாரம் நம்முடையதோடு ஒத்து ஓடவில்லை.

மியூவானின் பக்கம் நின்று பார்த்தால் என்ன ஆகும் என்று கெட்டிக்காரப் பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். அதன் கணக்கில் அது சும்மா நிற்கிறது, பூமிதான் பாய்ந்து வருகிறது. அதற்கு ஆயுசு நீளவில்லை. ஆனால் பாய்ந்து வருகிற காற்றுமண்டலம் 38இல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. 15 கி.மீ. அதற்கு 400 மீட்டர்தான். 660 மீட்டர் போகக்கூடியதற்கு 400 மீட்டர் பெரிய காரியமா? இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன, இரண்டும் உண்மை. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எனக்கு இது பிடிபடப் பல ராத்திரி ஆனது.

வேகம் என்ன? காமா 38 என்றால் ஒளியின் வேகத்தில் 99.965 சதவீதம். இதே வேகத்தில் 15 கி.மீ. முழுக்க வந்ததாக வைத்தால், ஒளியோடு வைத்த பந்தயத்தில் மியூவான் தோற்பது ஐந்து மீட்டரில், ஒரு கார் நீளத்தில். பிள்ளைகளுக்குச் சின்ன அட்டவணை ஒன்றும் போடச் சொல்லுங்கள். ஒளியின் வேகத்தில் 90 சதவீதம் போனால் காமா 2.3, 99 போனால் 7.1, 99.9 போனால் 22, 99.99 போனால் 71. ஒவ்வொரு ஒன்பது சேர்க்கும்போதும் காமா மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. வேகம் ஏறவே மாட்டேன் என்கிறது, கொடுக்கிற ஆற்றலெல்லாம் காமாவில் போய்ச் சேர்கிறது. ஜெனிவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. வளையத்தில் புரோட்டானுக்கு 6.8 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் கொடுக்கிறார்கள். காமா 7,000ஐத் தாண்டுகிறது. அப்படியும் அது ஒளியைவிட நொடிக்கு மூன்று மீட்டர் பின்தங்கித்தான் ஓடுகிறது, நாம் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கிற வேகம் அந்த வித்தியாசம். அதைக் கடக்க முடியாது.

15 கி.மீ. உயரத்தில் பிறந்தது என்பதை நாம் கண்ணால் பார்க்கவில்லையே என்று சந்தேகப்படுபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 1963இல் டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் அமெரிக்காவில் செய்ததைச் சொல்லுங்கள். மவுண்ட் வாஷிங்டன் மலையுச்சியில், 1,900 மீட்டர் உயரத்தில், ஒரு குறிப்பிட்ட வேகமுள்ள மியூவான்களை மட்டும் எண்ணினார்கள், மணிக்கு 563. காலம் எல்லோருக்கும் ஒன்றுபோல ஓடினால் கடல்மட்டத்தில் 30 வாக்கில்தான் மிஞ்ச வேண்டும். கீழே வந்து எண்ணினால் 410 வாக்கில் இருந்தன. அதற்கும் முன்பே, 1941இல், புரூனோ ரோஸியும் டேவிட் ஹாலும் கொலராடோ மலைகளில் இதே மாதிரி எண்ணியிருக்கிறார்கள். மலையே வேண்டாம் என்றால் செர்னில் 1970களில் 14 மீட்டர் அகல வளையத்தில் மியூவான்களைச் சுற்றவிட்டு ஆயுசை அளந்தார்கள். காமா 29.3, ஆயுசு 64 மைக்ரோ நொடி. 2.2ஐ 29.3ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மவுண்ட் வாஷிங்டன் கணக்கைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நம் மலை ரயில் ஏறுகிற உயரமும் ஏறக்குறைய அதே 1,900 மீட்டர். கொங்கு நாட்டு ஓரத்திலேயே இயற்கை அந்த ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வருகிற துகள்கள்) ஆய்வகம் இருப்பதும் சும்மா இல்லை. 1950களில் அங்கே பல தகடுகள் கொண்ட பெரிய மேகப்பெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இப்போது க்ரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுப்பில், கோலார் தங்கச் சுரங்க ஆராய்ச்சிக் காலத்து வகையைச் சேர்ந்த ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்களை அடுக்கி, ராப்பகலாக மியூவான்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் வந்த இடிமேகம் மியூவான் எண்ணிக்கையை அசைத்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். நம் பெட்டிக்குள் விழுகிற அதே துகள்தான் அங்கே மேகத்துக்கு வோல்ட்மீட்டராக வேலை செய்திருக்கிறது.

பெட்டியை ஊட்டிக்கு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: மலையில் கோடுகள் கூடும், ஆனால் கூடியதெல்லாம் மியூவான் என்று எழுதிவிடாதீர்கள், உயரே எலக்ட்ரான்களும் அதிகம். நேர்க்கோடுகளைத் தனியாக எண்ணுங்கள். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் எண்ண வேண்டும், அதே விளக்கு, அதே தகடு, அதே பத்து நிமிடம். நம் பெட்டிக்குக் குறிப்பிட்ட வேகத்தைப் பிரித்தெடுக்கத் தெரியாது, அதனால் ஃபிரிஷ்-ஸ்மித் விகிதம் வராது. வரவில்லையே என்று எண்ணிக்கையைத் திருத்தி எழுதுகிற பிள்ளையைக் கண்டால், அன்றைக்கு அந்தப் பாடத்தை நடத்துங்கள், இதைவிட அது முக்கியம்.

முடித்தபின் தொட்டியை எடுத்ததும் துணியை வெளியே கொடியில் போட்டுக் காயவிடுங்கள், ஆவி முழுக்கப் போகும்வரை யாரும் பக்கத்தில் தீப்பெட்டி உரசக்கூடாது. தகடு சாதாரணச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை தொடக்கூடாது. மிச்ச டிரை ஐஸைச் சாக்கடையிலோ பாத்ரூம் தொட்டியிலோ கொட்டாதீர்கள், மூடிபோட்ட பாட்டிலில் ஒருபோதும் போடாதீர்கள். வாசலில் ஒரு எவர்சில்வர் குண்டாவில் தண்ணீர் வைத்து, பிள்ளைகளை நாலடி தள்ளி நிற்கச் சொல்லி, நீங்களே அதில் போடுங்கள். வெள்ளைப் புகை குண்டா விளிம்பில் வழிந்து, வாசற்படியில் இறங்கி, கோலத்தின்மேல் படர்ந்து போகும். கணக்குத் தாளைப் பத்திரமாக மடித்து வையுங்கள், அடுத்த ஞாயிறு புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கல்லுக்கு அடியில் வைக்க வேண்டும்.